கீழ்த் தாழ்வாரமும் ஓர் ஆயாவும்



போன வாரம் நம் பழைய மாணவர் ஒருவர் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கட்டட வரைபடம் அனுப்பினார். அவர் இப்போது கட்டடப் பொறியாளர். ஒரு நகரத்தில், ஏழை எளியவர்கள் நெருக்கமாக வாழும் பகுதியில், 30 படுக்கைகள் கொண்ட சுகாதார மையம் ஒன்று வரப்போகிறது. அதன் வரைபடம் அவர் கையில் இருக்கிறது. அடுத்த மாதம் முடிவாகிவிடும். "சார், சும்மா பாருங்க. நீங்கதான் பழைய கட்டடம் எதைப் பாத்தாலும் கதை சொல்வீங்களே" என்று எழுதியிருந்தார்.

பார்த்தேன். கீழே வெளிநோயாளிகள் பிரிவு, மருந்தகம், அலுவலகம். மேல் தளத்தில், மொட்டைமாடிக்கு நேர் கீழே, பிரசவ வார்டு. "ஏன்பா மேலே வைத்தாய்?" என்று கேட்டேன். "மேலதான் சார் காத்து வரும், சத்தமும் இருக்காது" என்றார். நியாயமான பதில்தான். ஆனால் அந்த வார்டைப் பார்த்ததும் எனக்கு 1983 மே மாதம் நினைவுக்கு வந்துவிட்டது. அவருக்குத் தனியாகப் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத இது எல்லோருக்கும் சொல்ல வேண்டியது என்று தோன்றியது. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்திய வாத்தியார்தானே நான்!

1983இல் எனக்கு 29 வயது. வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. என் தங்கைக்கு முதல் பிரசவம். கத்திரி வெயில். எங்கள் வட ஆற்காட்டு வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவமனையின் பெயர் வேண்டாம். அந்தக் காலத்தில் பல இடங்களிலும் அப்படித்தான் இருந்தது. மூன்றாவது மாடி, கான்கிரீட் தளம், தாழ்வான கூரை, நாலு மின்விசிறியில் இரண்டு ஓடாது. ஆண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் குழந்தைக்கு உடம்பு நெருப்பாகச் சுட்டது. பால் குடிக்கவில்லை. துவண்டு கிடந்தது. கிருமித் தொற்றாக இருக்கலாம் என்று மருந்து கொடுத்தார்கள்.

அன்று மாலை சாப்பாட்டுத் தூக்குடன் நான் மாடி ஏறினேன். வார்டைப் பெருக்கும் ஆயா ஒருவர் என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "இந்த மேல் மச்சு அடுப்பும்மா. பகல்ல கூடத் தாங்கிக்கலாம். வெளக்கு வெச்ச பொறவுதான் இது நல்லா காயும். கொழந்தைய இங்க வெச்சிக்காத. கீழ தாழ்வாரத்துக்குக் கொண்டா." அம்மா தயங்கினார். அந்த அம்மாள் காத்திருக்கவில்லை. குழந்தையைத் துணியோடு வாரி எடுத்துக்கொண்டு இறங்கினார். என் தங்கையும் அம்மாவைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள். தரைத்தளத்தில் வேப்பமரத்துப் பக்கம் ஒரு பழைய தாழ்வாரம். கல் பாவிய தரை, உயரமான ஓட்டுக் கூரை. ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, பாலைப் பீய்ச்சிச் சங்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார்கள். விடியற்காலையில் குழந்தை வீறிட்டு அழுதது. அம்மா அழுதார், தங்கை அழுதாள். நான் போய்த் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

காய்ச்சல் இறங்கியது மருந்தாலா, தாழ்வாரத்தாலா என்று இன்று நான் நிரூபிக்க முடியாது. ஆனால் அதன்பிறகு நடந்ததற்கு நானே சாட்சி. காலையில் அந்த ஆயாவுக்குத் திட்டு விழுந்தது. வார்டு ஒழுங்கைக் கெடுத்தாராம், அனுமதியில்லாமல் நோயாளியை இறக்கினாராம். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் பத்தடி தூரத்தில் நின்றேன். படித்தவன், ஆசிரியன். "அவர் செய்தது சரிதான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

அந்தக் குழந்தை யார் என்று உறவுகளுக்குத் தெரியும். மாப்பிள்ளை, இதை நீயும் படித்துக்கொண்டிருப்பாய். உனக்கு இந்தக் கதையில் பாதிதான் உன் அம்மா சொல்லியிருப்பாள். மீதிப் பாதி இதுதான்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன்.

நோயாளி படுக்கும் கட்டடமே நோயாளியைக் கொல்லக்கூடும் என்று உலகத்துக்கு உரக்கச் சொன்னவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல். கிரிமியப் போரின்போது 1854இல் துருக்கியின் ஸ்கூடாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். போர்க்காயத்தால் இறந்தவர்களைவிட, நெரிசலிலும் அழுக்கிலும் பரவிய நோய்களால் இறந்தவர்களே மிக அதிகம். ஊருக்குத் திரும்பி, 1859இல் மருத்துவமனைகளைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார். நீளமான, தனித்தனி வார்டுகள். இரண்டு பக்கமும் எதிரெதிரே ஜன்னல்கள். உயரமான கூரை. ஒரு வார்டின் காற்று இன்னொரு வார்டுக்குப் போகக் கூடாது. இந்த அமைப்பைப் 'பெவிலியன்' முறை என்பார்கள். லண்டனில் 1871இல் புதிதாகக் கட்டிய செயின்ட் தாமஸ் மருத்துவமனை இந்த முறையில் அமைந்ததுதான்.

அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால் இந்தியாவிலிருந்த ராணுவத்தின் சுகாதாரம் பற்றி ஆராய்ந்த அரச ஆணையத்துக்காக, இங்கிருந்த பாசறைகளுக்குக் கேள்வித் தாள்கள் அனுப்பச் செய்தார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சாக்கடை எங்கே போகிறது, வார்டில் ஆளுக்கு எவ்வளவு இடம் என்றெல்லாம் கேள்விகள். மூட்டை மூட்டையாகப் பதில்கள் வந்தன. அறிக்கை 1863இல் வெளியானது. கேட்டுத் தெரிந்துகொண்டு கட்ட வேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு பழையது. ஆனால் யாரைக் கேட்டார்கள் என்று பாருங்கள். தளபதிகள், ராணுவ மருத்துவர்கள், பொறியாளர்கள். வார்டைப் பெருக்கியவரிடம் யாரும் தாள் நீட்டவில்லை.

நம் ஊர்ப் பழைய மருத்துவமனைக் கட்டடங்களை நினைத்துப் பாருங்கள். சுற்றிலும் தாழ்வாரம் இருக்கும். வெயில் நேரே சுவரில் விழாது. கூரை இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே. தேக்கு உத்தரங்களின்மேல் செங்கற்களை நிறுத்திவைத்துச் சுண்ணாம்பில் கட்டி, அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்டு, தட்டோடு பதித்த 'மெட்ராஸ் டெரஸ்'. அந்தக் கனத்தைத் தாண்டி வெப்பம் உள்ளே வருவதற்குள் சூரியன் சாய்ந்துவிடும். வந்த வெப்பமும் தலைக்கு மிக மேலே நிற்கும். அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்லவில்லை. வெள்ளைக்காரருக்கு ஒரு வார்டு, நம்மவருக்கு ஒரு வார்டு என்று பிரித்த காலம் அது. ஆனால் வெயிலைக் கணக்கில் வைத்துக்கொண்டு கட்டினார்கள்.

பிறகு சிமெண்டும் கம்பியும் வந்தன. நாலைந்து அங்குலத் தளம். விரைவாக, மலிவாக, மாடிமேல் மாடி கட்டலாம். பெருகிவந்த மக்களுக்கு மருத்துவமனை வேண்டுமென்றால் அதைத் தவிர வழியில்லை, குறை சொல்லமாட்டேன். ஆனால் கான்கிரீட் தளம் பகல் முழுவதும் வெயிலைக் குடித்துவைத்துக்கொண்டு, மாலையிலிருந்து அதைக் கீழே இறக்கும். வெளியே காற்று குளிர்ந்த பிறகும் உள்ளே புழுங்கும். விளக்கு வைத்த பிறகுதான் காயும் என்று அந்த ஆயா சொன்னது இதைத்தான். வெப்பவியல் பாடம் படிக்காமலே, தினமும் அதன்கீழே வேலை செய்து கற்றுக்கொண்ட பாடம்.

இனி அகமதாபாத்துக்குப் போவோம்.

அந்த ஊரை இந்தியாவின் மான்செஸ்டர் என்று பாடம் நடத்தியது நினைவிருக்கும். துணி ஆலைகளின் ஊர். நம் தமிழ்நாட்டிலிருந்தும் ஏராளமான குடும்பங்கள் அங்கே ஆலை வேலைக்குப் போய் மணிநகர்ப் பக்கம் குடியேறின. 1980களிலும் 90களிலும் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் பலர் வீட்டிலேயே தையல், ஊதுபத்தி, பட்டம் என்று கிடைத்த வேலையைச் செய்தார்கள். வீடு என்பது தகரக் கூரை அல்லது ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரே அறை.

2010 மே 21ஆம் தேதி அந்த நகரத்தில் 46.8 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவானது. அந்த மே மாதத்தில் மட்டும், வழக்கமாக அம்மாதத்தில் இறப்பவர்களைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பின்னால் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 43 சதவீதம் அதிகம். வெயிலால் செத்தார் என்று யார் சான்றிதழிலும் எளிதில் எழுதுவதில்லை. மாரடைப்பு, சிறுநீரகம், காய்ச்சல் என்றுதான் இருக்கும். மொத்தத்தைக் கூட்டி, முன்பின் ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் வெயிலின் கணக்கு வெளியே வந்தது.

அதே ஊரில் ஷாரதாபென் என்றொரு மாநகராட்சி மருத்துவமனை. ஏழைத் தொழிலாளர் பகுதி மக்கள் வரும் இடம். 2010இன் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் அங்கே வெப்பத்தால் பாதிக்கப்பட்டுத் தீவிர சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்ட பச்சிளங்குழந்தைகள் 24 பேர். அதற்கு முந்தைய ஆண்டு 8 பேர்தான். மகப்பேறு வார்டு அப்போது மேல் தளத்தில் இருந்தது. குளிர்சாதன வசதி கிடையாது. அந்தக் கோடைக்குப் பிறகு வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். 2011 கோடையில் அந்த எண்ணிக்கை 4. மூன்று ஆண்டுக் கணக்கையும் வைத்து மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். வெளியே 42 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகை ஏறும்போதும் இப்படிச் சேர்க்கப்படும் குழந்தைகள் 43 சதவீதம் கூடுகிறார்கள் என்றும், வார்டு கீழே இறங்கியது குழந்தைகளைக் காத்தது என்றும் 2014இல் எழுதினார்கள்.

இதை நான் ஓய்வுபெற்ற பிறகுதான் படித்தேன். படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பச்சிளங்குழந்தையின் உடல், எடைக்கு ஒப்பிட்டால் பரப்பு அதிகம்; வெளிவெப்பம் சீக்கிரம் ஏறும். வியர்த்துத் தணித்துக்கொள்ளும் திறன் குறைவு. தாகம் என்று சொல்லத் தெரியாது. வெளியே பார்த்தால் கிருமித் தொற்றுக் காய்ச்சல் போலவே இருக்கும். என் தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மாள் மாடிப்படி இறங்கியதை, சுமார் முப்பது ஆண்டு கழித்து ஒரு மருத்துவமனை முழு வார்டோடு செய்திருக்கிறது.

அகமதாபாத் அத்தோடு நிற்கவில்லை. மாநகராட்சியும் காந்திநகரில் உள்ள இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனமும் வேறு சில ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து, 2013இல் நகரத்துக்கென்றே ஒரு வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தன. தெற்காசியாவில் அதுவே முதல். 41 பாகை தாண்டினால் மஞ்சள், 43 தாண்டினால் ஆரஞ்சு, 45 தொட்டால் சிவப்பு எச்சரிக்கை. மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி, சுகாதார மையங்களில் பனிக்கட்டிப் பைகள், உப்புச் சர்க்கரைக் கரைசல், தண்ணீர்ப் பந்தல். 2014, 2015 ஆண்டுகளில் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கலாம் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

இதில் பெண்களின் பங்கு ஒன்று உண்டு. எளா பட் 1972இல் தொடங்கிய 'சேவா' சங்கத்தின் வழியாக, 1994இல் மகிளா ஹவுசிங் டிரஸ்ட் என்ற அமைப்பு பிறந்தது. குடிசைப் பகுதிப் பெண்களே குழுவாகச் சேர்ந்து, தங்கள் வீட்டின் தண்ணீர், கழிப்பறை, மின்சாரம் ஆகியவற்றுக்காக மாநகராட்சியோடு பேசிப் பழகியவர்கள். வெயில் பிரச்சினை வந்தபோது அந்தப் பெண்கள் வீடு வீடாகப் போய், எந்தக் கூரை எப்படிக் காய்கிறது என்று பார்த்தார்கள். கூரைக்கு வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு அடிக்க அக்கம்பக்கத்தாரைச் சம்மதிக்க வைத்தார்கள். 2017இல் நகரத்தில் சுமார் 3,000 கூரைகளுக்கு வெள்ளை அடிக்கும் வேலை தொடங்கியது. வெள்ளைக் கூரையின்கீழ் வெப்பம் சில பாகை குறையும். பெரிய செலவில்லை.

இதற்கும் மருத்துவமனைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பிரசவமான பெண் மருத்துவமனையில் இருப்பது இரண்டு மூன்று நாள். அதன்பிறகு குழந்தையோடு அவள் படுக்கப்போவது அந்தத் தகரக் கூரையின்கீழே. நாம் 'டிஸ்சார்ஜ்' என்கிறோம். உண்மையில் அவள் ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்குத்தான் மாறுகிறாள். அங்கே மருத்துவர் கிடையாது. வீட்டுக் கூரையையும் சேர்த்து யோசிக்காத மருத்துவமனை, பாதிச் சிகிச்சைதான் தருகிறது.

சரி, அப்படியானால் எல்லா ஊரிலும் பிரசவ வார்டைக் கீழே வைத்துவிட்டால் போதுமா? போதாது. என் மாணவப் பொறியாளருக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதுதான்.

2005 ஜூலை 26ஆம் தேதி மும்பை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 2015 டிசம்பரில் சென்னையில் அடையாற்றங்கரை எப்படி இருந்தது என்று நமக்கே தெரியும். உங்களில் சிலர் மொட்டைமாடியில் இரண்டு நாள் இருந்தவர்கள். அப்படிப்பட்ட இடத்தில் தரைத்தளத்தில் வார்டு வைத்தால், மே மாதம் காப்பாற்றிய குழந்தையை டிசம்பரில் தண்ணீரில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஜெனரேட்டரும் ஆக்சிஜனும் கீழே இருந்தால் மாடியில் இருப்பவருக்கும் ஆபத்து. அங்கே நடுத்தளம் சரியாக இருக்கலாம். மேலே இன்னொரு தளம் நிழலாக நிற்க, மின்கருவிகள் உயரத்தில் இருக்க வேண்டும். அகமதாபாத் வறண்ட வெயில். வெள்ளைக் கூரை நன்றாக உதவும். கடலோர ஊரில் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை உலராது. கூரைக்கு வெள்ளை அடித்தாலும், குறுக்கே காற்று ஓடாவிட்டால் புழுக்கம் போகாது.

அந்தக் காற்றிலும் ஒரு சிக்கல் உண்டு. பொறியாளர் எதிரெதிரே ஜன்னல் வைப்பார். நைட்டிங்கேல் சொன்னபடியே இருக்கும். ஆனால் வார்டில் பெண்கள் அதை இழுத்துச் சாத்திவிடுவார்கள். எதிரே டீக்கடை, ஆண்கள் நிற்கிறார்கள்; பால் கொடுப்பது எப்படி? அல்லது பக்கத்தில் சாக்கடை, கொசு. சாத்திய ஜன்னல் வரைபடத்தில் தெரியாது. அங்கே இருக்கும் பெண்களைக் கேட்டால் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். பிறகு ஜாலி வைத்த சுவரோ, தலைக்கு மேலே வென்டிலேட்டரோ, கொசுவலையோ போட்டுச் சரிசெய்துவிடலாம்.

ஆகவே தம்பி, உன் வரைபடத்தை நான் திருத்தப்போவதில்லை. எனக்கு அந்தத் தகுதியும் இல்லை. நீ செய்ய வேண்டியது மூன்று வேலை.

முதலில், அந்தப் பகுதிக்கு மதியம் காரில் போய்விட்டு வராதே. மே மாதத்தில் ஓர் இரவு எட்டு மணிக்குப் போ. பக்கத்தில் அதேபோல் கான்கிரீட் தளம் போட்ட ஏதாவது ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் அரை மணி நேரம், மின்விசிறி இல்லாமல், உட்கார்ந்து பார்.

இரண்டாவது, அங்கே குடியிருக்கும் பெண்களைக் கேள். மழைத் தண்ணீர் முதலில் எங்கே நிற்கும், எந்தச் சுவரில் சாயங்கால வெயில் அடிக்கும், மின்சாரம் போனால் குழந்தையை எங்கே தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கிறீர்கள், நோயாளியோடு துணைக்கு வருபவர் ராத்திரி எங்கே தூங்குவார் என்று கேள். வரைபடத்தை மேசையில் விரித்து ஒப்புதல் கேட்பது கேட்பதாகாது. கோடு போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். உன் கோடு இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது, நேரம் இருக்கிறது.

மூன்றாவது, ஏதாவது ஒரு பழைய மருத்துவமனையில் வார்டு பெருக்கும் அம்மாவைக் கேள். எந்தப் படுக்கை எப்போதும் சுடும், எந்த மூலையில் காற்று வரும் என்று அவரைவிடத் தெரிந்தவர் இல்லை. கேட்டுவிட்டு அவர் பெயரையும் கேட்டு எழுதிக்கொள். கூட்டத்தில் யாராவது "இது யார் யோசனை?" என்று கேட்டால், அந்தப் பெயரைச் சொல்.

அன்று நான் செய்யாமல் விட்டது அது. அந்த அம்மாள் இப்போது உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. அவர் எந்தத் தெருவில், எந்தக் கூரையின்கீழ் இருந்தார் என்றுகூட எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு ராஜாக்களின் பெயர்களை மனப்பாடம் செய்ய வைத்தேன். எங்கள் வீட்டுக் குழந்தையைக் காப்பாற்றியவரின் பெயர் எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளை, உன் அம்மாவிடம் இன்று பேசும்போது கேட்டுப் பார். அவளுக்கு ஒருவேளை நினைவிருக்கலாம். இருந்தால் இங்கே கீழே எழுது.

மற்றவர்களும் எழுதுங்கள். செவிலியராக, கிராமத்திலும் நகரத்திலும் மருத்துவராக, நகராட்சியில் அலுவலராக நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். உங்கள் கட்டடத்தில் எந்த அறை காய்கிறது, எந்த அறையில் தண்ணீர் நிற்கிறது, அதை உங்களுக்கு முதலில் சொன்னவர் யார் என்று எழுதுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து அந்தப் பொறியாளருக்கு அனுப்பிவிடுகிறேன். அடுத்த மாதத்துக்குள் வேண்டும்.

வெயில் கடுமையாக இருக்கிறது. தண்ணீர் குடியுங்கள். மொட்டைமாடிக்குக் கீழே பெரியவர்களையும் குழந்தைகளையும் படுக்க வைக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்